பந்து வீசும் பையனை மெடிசின் நுழைவுத் தேர்வு (யூகேட்) வகுப்பில் உட்கார வைக்காதீர்கள்

சிட்னி பிளாக்டவுன் பக்கத்திலிருந்து ஒரு அம்மா எழுதியிருக்கிறார். மகன் பன்னிரண்டாம் ஆண்டு, வயது 17, பேஸ்பாலில் பந்து வீசும் பிட்சர். அமெரிக்கக் கல்லூரிகளின் கோச்சுகள் விசாரிக்கத் தொடங்கிவிட்டார்கள். பெரியப்பாவோ, "நல்ல மார்க் எடுக்கிறவன், மெடிசினை விட்டுட்டு பந்து பொறுக்கப் போறானா?" என்கிறாராம்.

கவலை நியாயம்தான், சகோதரி. ஆனால் பெரியப்பாவுக்காக மெடிசினுக்கு விண்ணப்பிக்காதீர்கள். நேர்முகத்தில் ஏன் டாக்டராக வேண்டும் என்று கேட்பார்கள். அதற்கு அவனிடம் பதில் இல்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஆஸ்திரேலியாவில் ஒரு பட்டம் முடித்த பிறகும் மெடிசினில் சேரலாம். வீசும் கை அப்படிக் காத்திருக்காது.

அதற்காக மேஜர் லீக் (அமெரிக்காவின் உச்ச தொழில்முறை பேஸ்பால்) கனவையும் விற்க மாட்டேன். பெர்த்தின் பிட்சர் லியாம் ஹெண்ட்ரிக்ஸ் 2007-ல் ஒப்பந்தமாகி, 2011-ல்தான் மேஜர் லீக்குக்கு ஏறினார். 2018-ல் ஓக்லாண்ட் அணி கழற்றிவிட்டபோது வேறு எந்த அணியும் அவரை எடுத்துக்கொள்ளவில்லை. அடுத்த ஆண்டே லீக்கின் சிறந்த வீரர்கள் ஆடும் ஆல் ஸ்டார் ஆட்டத்துக்குத் தேர்வானார். 2021-ல் சிகாகோ வைட் சாக்ஸ் அணியுடன் மூன்றாண்டுக்கு 5.4 கோடி டாலர்! இன்னொரு ஆஸ்திரேலிய பிட்சர் பீட்டர் மொய்லன், மேஜர் லீக்குக்குக் கீழ்ப்படியான மைனர் லீக்கிலிருந்து ஊர் திரும்பி மருந்து விற்பனைப் பிரதிநிதியாக அலைந்தார். 27 வயதில்தான் அட்லாண்டா அணிக்குள் நுழைந்தார். அந்த மாதிரி வருடங்களுக்குக் கையில் ஒரு படிப்பு வேண்டும்.

நம்மவர்கள் திரும்பியே பார்க்காத வழி, அமெரிக்காவின் இரண்டாண்டு ஜூனியர் காலேஜ். ஆகஸ்டில் வகுப்பு, பிறகு பயிற்சி ஆட்டங்கள், பிப்ரவரி முதல் மே வரை சீசன். பெரிய பல்கலைக்கழகத்தில் முதலாண்டுப் பையன் பெஞ்சைச் சூடாக்கிக்கொண்டிருப்பான். ஜூனியர் காலேஜில் வீச இன்னிங்ஸ் கிடைக்கும். ஜூனியர் காலேஜ் விளையாட்டின் முதல் பிரிவில் உள்ளவை கட்டணம், தங்குமிடம், சாப்பாடு வரை ஸ்காலர்ஷிப் தரலாம். படித்த பாடங்களின் கிரெடிட்டோடு நான்காண்டுப் பல்கலைக்கழகத்துக்கு மாறலாம். எந்தப் பாடம் ஏற்கப்படும் என்று முன்பே கேட்டுவிட வேண்டும். இன்னொன்று, ஜூனியர் காலேஜில் இருந்தால் ஒவ்வோர் ஆண்டும் டிராஃப்டுக்கு (மேஜர் லீக் அணிகள் புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் முறை) தகுதி உண்டு. நான்காண்டுப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தால் மூன்றாம் ஆண்டு முடியும்வரை அல்லது 21 வயதுவரை பொறுத்திருக்க வேண்டும். உடற்பயிற்சி அறிவியல் பிடிக்கும் என்கிறானாமே? அதையே எடுக்கட்டும்.

பண விஷயத்தில் நான் கறார். செலவில் பெரும்பகுதி ஸ்காலர்ஷிப்பில் அடங்காவிட்டால் விமானம் ஏற வேண்டாம். வீட்டின் மேல் கடன் கூடவே கூடாது. மாணவர் விசாவில் முதலாண்டு வளாகத்துக்கு வெளியே வேலை பார்க்க முடியாது, ஆகவே 'அங்கே போய்ச் சமாளிக்கலாம்' என்ற கணக்கும் உதவாது.

அப்புறம், அந்தக் கை. இளம் பிட்சர்களின் கையைக் காக்க மேஜர் லீக் தரும் பிட்ச் ஸ்மார்ட் வழிகாட்டுதல்படி 17, 18 வயதுக்கு ஒரு நாளில் 105 பந்துதான் உச்சம். 80-ஐத் தாண்டினால் நான்கு நாள் ஓய்வு. கிளப், பள்ளி, மாநில அணி என்று மூன்று இடத்தில் வீசுகிறானே, மொத்தத்தை யார் எண்ணுகிறார்கள்? முழங்கைத் தசைநார் கிழிந்து டாமி ஜான் அறுவை சிகிச்சை வரை போனால், ஆட்டத்துக்குத் திரும்ப ஒரு வருடத்துக்கு மேல் ஆகும். அப்போதும் ஸ்காலர்ஷிப் தொடருமா, மருத்துவக் காப்பீட்டை யார் கட்டுவது என்று கோச்சிடம் எழுத்தில் வாங்குங்கள். மின்னஞ்சலை அவனே எழுதட்டும்.