ஓர் இடத்துக்குப் போனதும் எங்கே நின்று படம் எடுப்பது என்பதை எப்படி முடிவு செய்வது?

முதலில் கேமராவைப் பையிலேயே வைத்துவிட்டு நடங்கள். தனுஷ்கோடியில் 1964 புயலில் சிதைந்த தேவாலயத்தையே எடுத்துக்கொள்வோம். பெரும்பாலோர் நேர் எதிரே நின்று முழுச் சுவரையும் எடுத்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். கொஞ்சம் சுற்றி வாருங்கள். சுவரில் உள்ள ஒரு திறப்பின் வழியே பார்த்தால் அதுவே படத்துக்கு ஃப்ரேம் ஆகிவிடும். மணலில் உட்கார்ந்து பாருங்கள், அதே சுவர் வானத்தில் எழுந்து நிற்கும். முன்னால் இருப்பதற்கும் பின்னால் இருப்பதற்கும் உள்ள உறவை லென்ஸ் மாற்றாது, உங்கள் கால்கள்தான் மாற்றும். அதனால் நிற்கும் இடத்தை முடிவு செய்த பிறகே லென்ஸைத் தேர்ந்தெடுங்கள்.

அப்புறம் வெளிச்சம். அந்தச் சுவர்கள் பவளக்கல். காலை, மாலைச் சாய்வெயிலில்தான் அதன் சொரசொரப்பு தெரியும். கிளிக் செய்யும் முன் படத்தின் நான்கு ஓரங்களையும் ஒருமுறை பாருங்கள். ஓரத்தில் யாராவது பாதி உருவம் மட்டும் தெரியும்படி நின்றால், அவர் நகரும்வரை பொறுத்திருங்கள்.