பாயிண்ட்டில் சிங்கப்பூர் போகலாமா? திருப்பூர் வாசகருக்கு ஆடிட்டரின் பதில்

கேள்வி: திருப்பூர் அங்கேரிபாளையம் பக்கம் சிறிய பின்னலாடை ஜாப் ஒர்க் யூனிட் நடத்துகிறேன். வருடத்துக்கு ஒன்றரைக் கோடி வரை வரவு செலவு உண்டு. வீட்டுச் செலவு மாதம் 40,000 ரூபாய் ஆகிறது. கிரெடிட் கார்டு பாயிண்ட்டிலேயே குடும்பத்தோடு வெளிநாடு போய்வரலாம் என்று ஒருவர் வீடியோக்களில் விளக்குகிறார். அதைப் பார்த்து என் நண்பர் 12,500 ரூபாய் வருடக் கட்டணம் உள்ள கார்டு ஒன்றை வாங்கி, என்னையும் வாங்கச் சொல்கிறார். மே லீவில் நான்கு பேர் சிங்கப்பூர் போக ஆசை. கார்டு ஏஜென்ட் ஒருவரிடம் பான், ஆதார், பேங்க் ஸ்டேட்மென்ட் ஜெராக்ஸ் கொடுத்துவிட்டேன். வீடியோக்காரர் சொல்வதை நம்பலாமா? அவருக்கு இதில் கமிஷன் உண்டு என்கிறார்களே, அது தப்பில்லையா?

பதில்: இந்தக் கார்டு உங்களுக்கு வேண்டாம்ங்க. வீடியோக்காரர் பொய் சொல்கிறார் என்பதால் அல்ல. அவர் சொல்லும் கணக்கு வேறு ஒருவருடைய வரவு செலவுக்குப் பொருந்தும், உங்களுடையதற்குப் பொருந்தாது.

ஒன்றரைக் கோடி என்று எழுதியிருக்கிறீர்கள். அதில் கார்டில் கட்டக்கூடியது எவ்வளவு? நூல் மில்லுக்கு ஆர்டிஜிஎஸ். சாயப்பட்டறைக்கும் பிரிண்டிங்குக்கும் செக் அல்லது என்இஎஃப்டி. தையல்காரர்களுக்குச் சனிக்கிழமை சம்பளம், அது ரொக்கமோ பேங்க் டிரான்ஸ்ஃபரோ. இவர்கள் யாரும் கார்டு மெஷின் வைத்திருப்பதில்லை. கார்டில் பணம் வாங்கினால் சுமார் 2 சதவீதம் அவர்கள் கையைவிட்டுப் போகும், அதை விட்டுக்கொடுக்கும் அளவு மார்ஜினில் யாரும் தொழில் செய்வதில்லை. இடையில் ஒரு ஆப் மூலமாக நூல் பில்லைக் கார்டில் கட்டலாம் என்று சிலர் சொல்வார்கள். கார்டில் பணம் வாங்கும் வசதி இல்லாதவர்களுக்கு அப்படிக் கார்டு மூலம் தொழில் பணம் அனுப்புவதை 2024 பிப்ரவரியில் ரிசர்வ் வங்கி தலையிட்டு நிறுத்தச் சொன்னது. ஆக உங்களுக்கு மிஞ்சுவது வீட்டுச் செலவுதான்.

மாதம் 40,000 என்றால் வருடத்துக்கு 4.8 லட்சம். தாராளமாக 2 சதவீதம் திரும்பக் கிடைக்கிறது என்று வைத்தாலும் 9,600 ரூபாய். கார்டுக் கட்டணம் 12,500, அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி, மொத்தம் 14,750. கையிலிருந்து ஐயாயிரத்துக்கு மேல் கொடுத்துப் பாயிண்ட் வாங்குகிறீர்கள். முதல் வருடம் வரவேற்புப் பரிசு என்று கொஞ்சம் கொடுப்பதால் கணக்கு சரியாக வருவது போலத் தெரியும். வீடியோக்களில் பெரும்பாலும் இந்த முதல் வருடக் கணக்குதான் வரும். இரண்டாம் வருடம் கட்டணம் மட்டும் வரும்.

அப்புறம் சிங்கப்பூர். கோவை பீளமேடு விமான நிலையத்திலிருந்து சிங்கப்பூருக்கு ஸ்கூட் போகிறது, அது குறைந்த கட்டண விமானம். கார்டு பாயிண்ட்டை விமானக் கம்பெனியின் பாயிண்ட்டாக, அதாவது ‘மைலாக’ மாற்றிச் சேர்த்து ‘இலவசமாக’ உட்காரலாம் என்று காட்டப்படும் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் இருக்கைக்கு நீங்கள் ரயில் பிடித்துச் சென்னையோ கொச்சியோ போக வேண்டும். மைலில் எடுத்தாலும் வரியும் விமான நிலையக் கட்டணமும் ரூபாயில் கட்ட வேண்டும். பள்ளி லீவில் ஒரே விமானத்தில் நான்கு மைல் இருக்கை கிடைப்பது மிகவும் கஷ்டம். கார்டு பாயிண்ட்டை விமானக் கம்பெனி கணக்குக்கு மாற்றிவிட்டால் திரும்ப எடுக்க முடியாது. சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் கிரிஸ்ஃப்ளையர் மைல் மூன்று வருடத்தில் காலாவதியாகும். ஆகவே சீட் இருக்கிறதா என்று பார்க்காமல் பாயிண்ட்டை மாற்றவே கூடாது.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. கமிஷன் வாங்குவது தப்பில்லை. வீடியோவுக்குக் கீழே உள்ள லிங்க்கை அழுத்தி நீங்கள் கார்டு வாங்கினால் அவருக்கு வங்கியோ இடையில் உள்ள நிறுவனமோ பணம் தரும். அவரால் பயனும் இருக்கிறது. வங்கி பொடி எழுத்தில் போடுவதை அவர் உட்கார்ந்து படித்துச் சொல்கிறார். எந்தச் செலவுக்குப் பாயிண்ட் கிடையாது, எந்த மாதத்திலிருந்து விதி மாறுகிறது என்பதெல்லாம் வங்கி ஊழியரைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். நான் குறை சொல்வது அவர் மறைப்பதைப் பற்றி. ஈரோடு கருங்கல்பாளையம் மாட்டுச் சந்தையில் துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசும் தரகர் இரண்டு பக்கமும் காசு வாங்குவார். ஆனால் அவர் தரகர் என்பது மாடு வாங்குகிறவருக்கும் தெரியும், விற்கிறவருக்கும் தெரியும். இங்கே ‘உங்கள் நண்பனாகச் சொல்கிறேன்’ என்று ஆரம்பிக்கிறவர் தரகு வாங்குவதைச் சொல்வதில்லை.

சொல்லியாக வேண்டும் என்பது சட்டம். மத்திய நுகர்வோர் நலத் துறை 2023 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டியின்படி, பணமோ பரிசோ பெற்றுப் பரிந்துரைக்கிறவர் அதை வீடியோவுக்குள்ளேயே, கேட்கும்படியும் பார்க்கும்படியும் சொல்ல வேண்டும். கீழே விவரக் குறிப்பில் ஒரு வரி போட்டுவிட்டால் போதாது. தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் இடம் இருக்கிறது. இவ்வளவு இருந்தும் நான் பார்க்கிற கார்டு வீடியோக்களில் பாதி இதை மதிப்பதில்லை, யாரும் கேட்பதும் இல்லை. பங்கு வாங்கச் சொல்கிறவர் மீது, பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி பாய்கிறது. கடன் கார்டை வாங்கச் சொல்கிறவர் செபி வரம்புக்குள் வருவதில்லை.

அவரை எடைபோட ஒரே ஒரு சோதனை செய்து பாருங்கள். ‘இந்தக் கார்டை மூடிவிடுங்கள்’ என்று ஒரு முறையாவது சொல்லியிருக்கிறாரா? ஒருவர் கார்டு வாங்காமல் இருந்தால் யாருக்கும் கமிஷன் கிடையாது. அதனால் அந்த அறிவுரை உங்களுக்கு எளிதில் கிடைக்காது. உங்கள் நண்பரையும் கேளுங்கள். பரிந்துரைக்கிற வாடிக்கையாளருக்கும் பல வங்கிகள் போனஸ் பாயிண்ட் தருகின்றன. தப்பாக நினைக்க வேண்டாம், ஆனால் தெரிந்துகொண்டு முடிவெடுங்கள். நாளை நீங்களே உங்கள் யூனிட் சூப்பர்வைசருக்கு ஒரு லிங்க் அனுப்பினால், அதில் உங்களுக்கு என்ன கிடைக்கும் என்று முதலில் சொல்லிவிட்டு அனுப்புங்கள். அந்தப் பாயிண்ட்டுக்கான பணம் கடைக்காரர் கொடுக்கும் கட்டணத்திலிருந்தும், டியூவை முழுசாகக் கட்ட முடியாதவர்கள் கொடுக்கும் வட்டியிலிருந்தும் வருகிறது. மாதச் சம்பளக்காரர் ஒருவரை அந்த வட்டிப் பக்கம் தள்ளிவிட்டு நாம் விமானம் ஏறுவதில் எனக்கு உடன்பாடில்லை.

வட்டியையும் சொல்லிவிடுகிறேன். பல கார்டுகளில் மாதம் 3.75 சதவீதம் வரை போகிறது, வருடத்துக்கு 45. ஒரு லட்சம் பாக்கி ஒரு மாதம் நின்றால் வட்டி 3,750, அதன் மேல் ஜிஎஸ்டி 675, ஆக 4,425 ரூபாய். அதே ஒரு லட்சத்துக்குக் கிடைத்த பாயிண்ட்டின் மதிப்பு 2,000. பாக்கி வைத்தால் புதிதாக வாங்குவதற்கும் வட்டியில்லா நாட்கள் கிடைக்காது. 30 சதவீதத்துக்கு மேல் வட்டி கூடாது என்று 2008-இல் தேசிய நுகர்வோர் ஆணையம் சொன்னதை 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. பார்ட்டியிடமிருந்து பில் பணம் 60 நாள், 90 நாள் கழித்து வரும் ஜாப் ஒர்க் தொழிலில், கார்டு டியூ மட்டும் தேதி தவறாமல் வந்து நிற்கும்.

ஏஜென்ட் விஷயம்தான் எனக்கு உண்மையில் கவலை. ஒரு செட் ஜெராக்ஸை வைத்து நான்கு வங்கியில் விண்ணப்பம் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஒவ்வொரு விண்ணப்பமும் உங்கள் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையில் ஒரு விசாரணையாக ஏறும். அடுத்த மாதம் தொழிலுக்கான சிசி (கேஷ் கிரெடிட்) கடன் லிமிட்டை உயர்த்தக் கேட்டால் பேங்க் மேனேஜர் அதைத்தான் முதலில் பார்ப்பார். ‘லைஃப் டைம் ஃப்ரீ’ என்று வாயில் சொல்லி, படிவத்தில் கட்டணக் கார்டுக்கு டிக் போடுவார்கள். கூடவே ஒரு இன்சூரன்ஸையும் சேர்ப்பார்கள். வட்டி, கட்டணம் எல்லாம் உள்ள ஒரு பக்கச் சுருக்கத்தை விண்ணப்பத்தோடு தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் 2022 விதி. உங்களுக்குத் தந்தாரா? தந்திருக்க மாட்டார். ஓடிபி எதையும் அவரிடம் சொல்லாதீர்கள், வெற்றுச் செக்கில் கையெழுத்து வேண்டவே வேண்டாம்.

இதைவிட மோசமானது ரொட்டேஷன். கார்டைத் தேய்த்து 2, 3 சதவீதம் கழித்துக்கொண்டு ரொக்கம் தருகிற கடைகள் கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர் என்று எல்லா ஊரிலும் இருக்கின்றன. அந்த ரொக்கத்தில் பழைய டியூவைக் கட்டி, மறுபடி தேய்த்துப் பாயிண்ட் சேர்க்கலாம் என்று சொல்லிக் கொடுப்பார்கள். அந்தக் கடை உங்களுக்குப் பொருள் விற்றதாகப் பொய் பில் போடுகிறது. வருடத்தில் 10 லட்சம் ரூபாய்க்கு மேல் கார்டு டியூ கட்டினால் வங்கி அதை வருமான வரித் துறைக்குத் தெரிவித்தாக வேண்டும். நீங்கள் காட்டும் வருமானம் 8 லட்சம், கார்டில் கட்டியது 30 லட்சம் என்றால் நோட்டீஸ் வரும், பதில் எழுத என்னைப் போன்ற ஒருவரிடம்தான் வருவீர்கள். என்ன எழுதுவது? பாயிண்ட்டுக்காகச் சுற்றினேன் என்றா? இடையில் வங்கியும் சந்தேகப்பட்டு கார்டை முடக்கினால் பாயிண்ட் அத்தனையும் போய்விடும்.

யாருக்குமே இது லாபமில்லையா என்று கேட்பீர்கள். ஒரு வகையினருக்கு லாபம்தான். எப்படியும் சொந்தக் காசில் அடிக்கடி விமான டிக்கெட் வாங்குகிறவர்களுக்கு. வெளிநாட்டுக் கம்பெனிகளுக்காக ஆர்டர் கொடுக்கும் பையிங் ஹவுஸைப் பார்க்க மாதம் ஒரு முறை டெல்லி போகிற எக்ஸ்போர்ட்டர், வருடம் இரண்டு முறை ஐரோப்பா கண்காட்சிக்குப் போகிறவர், இவர்களைச் சொல்கிறேன். டிக்கெட், ஓட்டல் எல்லாம் கார்டில் கட்டக்கூடிய செலவு, பாயிண்ட் குவியும். குவிந்த பாயிண்ட்டுக்கு எடுக்கும் டிக்கெட்டும் அவர் வாங்கியே தீர வேண்டிய டிக்கெட். அதனால் அவருக்கு அது நிஜமான பணம். பாயிண்ட் இருக்கிறதே என்று கிளம்புகிறவருக்கு அது புதிய செலவு. ஆனால் அந்த எக்ஸ்போர்ட்டரும் டியூ முழுத்தொகையும் தானாகப் பிடிக்கும்படி வங்கிக் கணக்கோடு இணைத்திருக்க வேண்டும். பாயிண்ட்டை அந்தந்த வருடமே செலவழிக்க வேண்டும். வெளிநாட்டில் தேய்க்கும்போது பல கார்டுகள் 3.5 சதவீதம் கூடுதல் கட்டணமும் அதற்கு ஜிஎஸ்டியும் போடும், சேர்த்தால் 4.13 சதவீதம். ஜெர்மனியில் 2 லட்சம் ரூபாய் செலவழித்தால் 8,260 ரூபாய் அதிலேயே போகும். அவர் அதிகப் பாயிண்ட் தருகிற கார்டைவிட இந்தக் கட்டணம் குறைவாகவோ இல்லாமலோ இருக்கும் கார்டைப் பார்க்க வேண்டும். கம்பெனிச் செலவைச் சொந்தக் கார்டில் போட்டால் கணக்கில் உடனே பதிய வேண்டும், இல்லையென்றால் வருடக் கடைசியில் தலைவலி. இத்தனையும் செய்கிறவருக்கு 12,500 ரூபாய் கார்டு பொருந்தலாம்.

அவருக்கும் நிச்சயம் என்று எதுவும் இல்லை. ஆக்சிஸ் வங்கியின் மேக்னஸ் கார்டு ஒரு காலத்தில் இந்த வட்டாரத்தில் எல்லோர் வாயிலும் இருந்தது. மாதம் ஒரு லட்சம் செலவழித்தால் 25,000 போனஸ் பாயிண்ட். 2023 செப்டம்பரில் அந்தப் போனஸை எடுத்துவிட்டார்கள். விமானக் கம்பெனிக்கு மாற்றும்போது 5 பாயிண்ட்டுக்கு 4 மைல் கிடைத்தது 2 ஆகிவிட்டது, கட்டணமும் 10,000-லிருந்து 12,500 ஆனது. சேர்த்து வைத்தவர்களுடைய பாயிண்ட்டின் மதிப்பு பாதியாகக் குறைந்தது. நாம் கடன் தவணையை ஒரு நாள் தள்ளிக் கட்டினால் அபராதம், அவர்கள் கொடுத்த வாக்கை மாற்றினால் அதற்கு ஒரு மெயில்! பாயிண்ட்டை வெகுமதி என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள வங்கிகளை இன்னும் எத்தனை நாள் விடப்போகிறார்கள் என்று தெரியவில்லை.

சரி, இப்போது செய்ய வேண்டியது. ஏஜென்ட்டுக்கு வாட்ஸ்அப்பில் ‘எனக்குக் கார்டு வேண்டாம், விண்ணப்பத்தை நிறுத்துங்கள்’ என்று எழுதி அனுப்புங்கள், எழுத்தில் இருப்பது முக்கியம். அதையே வங்கியின் வாடிக்கையாளர் சேவை மெயிலுக்கும் அனுப்புங்கள். அதையும் மீறிக் கார்டு வந்தால் ஆக்டிவேட் செய்யாதீர்கள். 30 நாளில் ஆக்டிவேட் ஆகாத கார்டுக்கு வங்கி ஓடிபி மூலம் உங்கள் சம்மதம் கேட்க வேண்டும், சம்மதம் தராவிட்டால் 7 வேலை நாளில் கட்டணமின்றி மூட வேண்டும். நடப்பில் உள்ள கார்டை மூடச் சொன்னாலும் பாக்கி இல்லாவிட்டால் அதே 7 வேலை நாள்தான், தாமதமானால் நாளொன்றுக்கு 500 ரூபாய் வங்கி உங்களுக்குத் தர வேண்டும். வங்கி 30 நாளில் பதில் தராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரான ஆம்புட்ஸ்மனிடம் புகார் செய்யலாம், விவரம் கேட்க 14448.

இன்னொன்று, சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹைமார்க் ஆகிய, நம் கடன் வரலாற்றைப் பதிந்து வைக்கும் நான்கு நிறுவனங்களும் வருடத்துக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். இந்த வாரம் ஒன்றை எடுத்து, உங்களுக்குத் தெரியாத வங்கியின் விசாரணை ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அந்த நிறுவனத்தின் இணையதளத்திலேயே ஆட்சேபம் பதிவு செய்யுங்கள். 30 நாளில் தீர்க்காவிட்டால் அதற்கு மேல் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.