யாழ்ப்பாணத்துத் துறவி யோகர் சுவாமி எழுதிய கடிதம் வீட்டில் இருந்தால் அது ஆவணமா, வெறும் ஞாபகப்பொருளா?

பழசு என்பதற்காக ஒரு பொருள் ஆவணமாகிவிடாது. எங்கிருந்து வந்தது, யார் யார் கையில் இருந்தது என்ற விபரத்தோடு இருந்தால்தான் ஆவணம். காணி உறுதி மாதிரித்தான். காணி கண்முன்னே கிடக்கும். யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்று எழுத்தில் இல்லாவிட்டால் உறுதி எழுதும் நொத்தாரிசு பேனையைத் தொடமாட்டார்.

யோகர் விசயத்தில் இது இன்னும் முக்கியம். நல்லூர்த் தேரடியில் தன் குரு செல்லப்பா சுவாமியிடம் வாங்கிய உபதேசத்தை வைத்துக்கொண்டு கொழும்புத்துறைக் குடிலில் இருந்தவர், 1964இல் சமாதியானார். உட்கார்ந்து புத்தகம் எழுதியவர் அல்லர். வாயில் வந்ததைப் பாடுவார். பக்கத்தில் இருந்தவர்கள் எழுதிக்கொள்வார்கள். நற்சிந்தனை என்ற அவரது தொகுப்பில் உள்ள பாடல்கள் பல அப்படித்தான் கிடைத்தன. "எப்பவோ முடிந்த காரியம்" என்று அவர் சொல்லும் வாசகம் எல்லோருக்கும் பாடம். ஆனால் யாருக்கு, எந்த நேரத்தில் சொன்னார் என்பது ஒரு அடியாரின் கொப்பி ஓரத்தில்தான் இருக்கக்கூடும். அந்தக் கொப்பி போனால் வாசகம் இருக்கும், சம்பவம் போய்விடும். 1981இல் பொது நூலகம் எரிந்த யாழ்ப்பாணத்துக்கு ஒற்றைப் பிரதியின் ஆபத்தைச் சொல்லத் தேவையில்லை.

ஆகவே கடிதத்தை லாமினேட் செய்யாதீர்கள் (தயவுசெய்து!), திருநீறு பட்டிருந்தால் அழுத்தித் துடைக்கவும் வேண்டாம். படம் எடுத்துவிட்டு, அம்மம்மாவுக்கு அது எப்படி வந்தது என்பதைத் தனித்தாளில் எழுதி வையுங்கள்.

பலர் குழம்பும் இடம் ஒன்று: அற்புதக் கதையொன்றை ஆவணப்படுத்தினால் அது நடந்ததென்று அத்தாட்சி கொடுத்ததாகாது, இன்னார் இப்படிச் சொன்னார் என்பதற்கு மட்டுமே அது சாட்சி.