கேளுங்கள், சொல்கிறோம்: செம்பனை வண்டும் சிலிக்கான் சில்லும்

கேள்வி: ஐயா, என் மகன் இங்கே திரான்ஸ்கிரியானில் இருக்கும் யூஎஸ்எம் பல்கலைக்கழகப் பொறியியல் வளாகத்தில் கடைசி வருடம் படிக்கிறான். அவனுடைய புரோஜெக்டுக்கு பாயான் லெப்பாஸ் கம்பெனி ஒன்று உதவுகிறது. இப்போது ஏதோ பத்திரத்தில் கையெழுத்துப் போடச் சொல்கிறார்களாம். போடலாமா?
(ஒரு தாய், நிபோங் திபால்)

பதில்: பயப்பட ஒன்றும் இல்லை அம்மா, ஆனால் படிக்காமல் போடக் கூடாது. இந்த மாதிரிப் பத்திரத்தில் வழக்கமாக இரண்டு விஷயம் கலந்திருக்கும். கம்பெனி ரகசியத்தை வெளியே சொல்லமாட்டேன் என்பது ஒன்று, அது நியாயம்தான், உள்ளே பார்த்ததைக் கோப்பிக் கடையில் உட்கார்ந்து பேசினால் யாருக்குத்தான் கோபம் வராது. இன்னொன்று, புரோஜெக்டில் புதிதாக ஏதாவது வந்தால் அது யாருக்குச் சொந்தம் என்பது. தகராறு வருவது இதில்தான். சம்பளம் வாங்குகிறவர் தன் வேலையில் ஒன்றைக் கண்டுபிடித்தால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, உரிமை முதலாளிக்கு என்று நம் நாட்டு 1983 காப்புரிமைச் சட்டம் சொல்கிறது. உங்கள் மகன் சம்பளக்காரன் இல்லை, மாணவன். அதனால் அந்தக் காகிதத்திலும் பல்கலைக்கழக விதியிலும் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் பேசும். விரிவுரையாளரிடமும், பல்கலைக்கழகத்தில் காப்புரிமை பார்க்கிற பிரிவிலும் முதலில் காட்டச் சொல்லுங்கள்.

அப்புறம், ஆய்வை எப்போது வெளியிடலாம் என்று ஒரு வரி இருக்கும், அதையும் தேடச் சொல்லுங்கள். காப்புரிமை கேட்கிற விஷயம் உலகத்துக்குப் புதிதாக இருக்க வேண்டும். நாமே ஒரு மேடையில் ஸ்லைடு போட்டுக் காட்டிவிட்டால் ஐரோப்பாவில் அதோடு போச்சு, மலேசியாவில் ஒரு வருடம் சலுகை உண்டு. கம்பெனி கொஞ்சம் பொறுக்கச் சொல்வது இதற்காகத்தான். சில மாதம் என்றால் சரி. காலவரையே இல்லாமல் பூட்டி வைக்கச் சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடலாம், பையன் பட்டம் வாங்க வேண்டாமா?

கேள்வி: பல்கலைக்கழகமும் தொழிற்சாலையும் கைகோக்கின்றன என்று பத்திரிகையில் பெரிதாகப் போடுகிறார்கள். தோட்டத்துக்காரர்கள் எங்களுக்கு அதில் என்ன இருக்கிறது?
(ஓய்வு பெற்ற மண்டோர், பாடாங் செராய்)

பதில்: அண்ணே, அந்தக் கைகோப்பை இந்த நாட்டில் முதலில் பார்த்தவர்களே நீங்கள்தான். செம்பனைப் பூவுக்கு மகரந்தத்தைப் பவுடரில் கலந்து, ஆள் வைத்து மரம் மரமாக அடித்த காலம் உங்களுக்கு நினைவிருக்கும். காற்றே மகரந்தத்தைக் கொண்டு சேர்க்கும் என்றுதான் ரொம்ப நாள் நம்பியிருந்தார்கள். இல்லை, செம்பனையின் சொந்த ஊரான ஆப்பிரிக்காவில் அதைச் செய்வது ஒரு சின்ன மூக்கு வண்டு என்று சையது என்ற பூச்சியியல் ஆய்வாளர் கண்டுபிடித்தார். பணம் கொடுத்தது யூனிலீவர். 1981-இல் கேமரூனிலிருந்து வண்டைக் கொண்டுவந்து தோட்டங்களில் விட்டார்கள், பழக்குலை பெருத்தது, கையால் அடிக்கிற வேலை போயிற்று. லாபத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் அந்தக் கடைசி விஷயத்தை மட்டும் ஏனோ சொல்வதில்லை.

பால்மரத்துக்கும் 1925-லேயே தனி ஆராய்ச்சிக் கழகம் வந்துவிட்டது. ஏற்றுமதியாகிற ரப்பருக்கு ‘செஸ்’ என்ற வரி வசூலித்து அந்தப் பணத்தில் ஆராய்ச்சி நடத்தினார்கள், அதாவது தொழிலே தன் ஆராய்ச்சிக்குக் கூலி கொடுத்தது. பின்னாளில் செம்பனை எண்ணெய்க்கும் அதே வழிதான். எலெக்ட்ரானிக்ஸ் கதை வேறு. 1972-இல் பினாங்கின் பாயான் லெப்பாஸில் தடையற்ற வணிக மண்டலம் திறந்து இன்டெல் போன்றவை வந்தபோது நம்மிடம் கேட்டது சில்லைப் பொருத்தவும் சோதிக்கவும் கை, ஆராய்ச்சி அவர்கள் ஊரிலேயே இருந்தது. வடிவமைப்பு வேலை பிறகுதான் பினாங்குக்கு வந்தது. இன்னமும் நம் பல்கலைக்கழகங்களிடமிருந்து அவர்கள் அதிகம் எடுத்துக்கொள்வது பட்டதாரிகளைத்தான், யோசனைகளைக் குறைவாகத்தான் என்பது என் அபிப்பிராயம். செஸ் மாதிரி ஒரு ஏற்பாடு சில்லுக்கும் இருந்திருந்தால் நிலைமை வேறாக இருந்திருக்கலாம்.

கேள்வி: கூகிளால் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகம் பணக்காரர் ஆனது உண்மையா?
(கல்லூரி மாணவன், லூனாஸ்)

பதில்: தம்பி, ஏற்கெனவே பணக்காரர், இன்னும் கொஞ்சம் ஆனார். பேஜ்ரேங்க் என்ற தேடல் முறை லாரி பேஜ் அங்கே மாணவராக இருந்தபோது பிறந்தது, காப்புரிமை பல்கலைக்கழகத்தின் பெயரில். அதைப் பயன்படுத்தக் கூகிளுக்குக் கொடுத்த உரிமத்துக்குப் பதிலாகக் கூகிள் பங்குகளை வாங்கிக்கொண்டு, விற்றதில் சுமார் 336 மில்லியன் டாலர் வந்தது. ஆனால் அதற்கு ரொம்ப முன்னாலேயே, 1951-இல், தன் நிலத்தில் தொழிற்பேட்டை அமைத்துக் கம்பெனிகளைப் பக்கத்திலேயே குடியேற்றிய இடம் அது. கூகிளை மட்டும் பார்த்துக் கனவு காணாதே, காப்புரிமையில் கொழித்த பல்கலைக்கழகங்கள் மிகக் கொஞ்சம்.

கேள்வி: மகள் எஸ்பிஎம் பள்ளித் தேர்வு எழுதுகிறாள். கூலிம் ஹை-டெக் பார்க்கில் வேலை செய்ய டிகிரி கட்டாயமா?
(வாசகர், கூலிம்)

பதில்: கட்டாயம் இல்லை. இயந்திரத்தைப் பழுதுபார்க்கவும் சோதனை நடத்தவும் டிப்ளோமா படித்தவர்கள் நிறையத் தேவை. போலிடெக்னிக் இருக்கிறது, பினாங்கில் தொழிற்சாலைகளும் மாநில அரசும் சேர்ந்து 1989-இல் தொடங்கிய திறன் மேம்பாட்டு மையம் இருக்கிறது. சேரும் முன் கேட்க வேண்டியது, எந்தத் தொழிற்சாலையில் எத்தனை மாதம் பயிற்சி என்பது. பதிலை மழுப்பினால் அடுத்த இடத்தைப் பாருங்கள்.