ஆக்சிஜன் குறைந்தால் சிறுநீரகத்தில் தழும்பு விழுவது ஏன்?

தக்கலையிலிருந்து ஒருவர், தம் தந்தையின் சிறுநீரகத் திசுப் பரிசோதனை அறிக்கையில் தழும்பு என்று குறிப்பிட்டிருப்பதற்கும் ஆக்சிஜன் குறைவுக்கும் என்ன தொடர்பு என்று கேட்டிருந்தார்.

இதயம் வெளியேற்றும் இரத்தத்தில் ஏறத்தாழ 20 விழுக்காடு சிறுநீரகங்களுக்கே செல்கிறது. ஆயினும், பேச்சிப்பாறை அணையில் நீர் இருந்தும் கடைவரம்பு வயல்கள் காய்வதைப் போல, உட்பகுதியான மெடுல்லாவுக்கு ஆக்சிஜன் குறைவாகவே எட்டுகிறது. சிறுநீர் உருவாகும் மெல்லிய குழாய்களான நுண்குழல்களின் செல்களோ, உப்பை மீட்டெடுக்கும் ஓயாத வேலைக்காக ஆக்சிஜனை ஏராளமாகச் செலவிடுபவை.

பற்றாக்குறை ஏற்படும்போது, வழக்கமாக உடனுக்குடன் சிதைக்கப்படும் ஹிஃப் என்னும் புரதம் சிதையாமல் தங்கி, செல் தாக்குப்பிடிப்பதற்கான மரபணுக்களை இயக்குகிறது (இந்த ஏற்பாட்டைக் கண்டறிந்த மூவருக்கே 2019இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது). குறுகிய காலக் குறைவுக்கு இது காப்பு. மாதக்கணக்கில் நீடித்தால் நிலைமை வேறு. நலிந்த செல்கள் டி.ஜி.எஃப்.-பீட்டா போன்ற சமிக்ஞைப் பொருள்களைச் சுரக்க, அவற்றால் தூண்டப்பட்ட நார்ச்செல்கள் கொலாஜன் என்னும் நார்ப் புரதத்தைக் குவிக்கின்றன. அந்த நார், நுண்குழல்களுக்கும் இரத்தத் தந்துகிகளுக்கும் இடையிலான தொலைவைக் கூட்ட, தந்துகிகளும் அழிய, ஆக்சிஜன் மேலும் குறைந்து, தழும்பே அடுத்த தழும்புக்குக் காரணமாகிறது. இரத்தச் சிவப்பணு உற்பத்தியைத் தூண்டும் எரித்ரோபாய்ட்டின் என்னும் ஹார்மோனைச் சுரக்க வேண்டிய செல்களே நார் உண்டாக்கும் வேலைக்கு மாறிவிடுவதும் உண்டு. அப்போது இரத்தசோகையும் சேர்ந்துகொள்ளும்.

விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் 98 என்று காட்டினாலும், சிறுநீரகத்துக்குள் நிலவும் இந்தப் பற்றாக்குறை அதில் தெரியாது.