சிங்கப்பூரிலிருந்து நியூயார்க் எவ்வளவு தூரம்? விமானத்தில் எத்தனை மணி நேரம் ஆகும்?

சுமார் 15,300 கிலோமீட்டர். நேரடி விமானம் என்றால் பதினெட்டரை மணி நேரம், காற்றைப் பொறுத்துக் கொஞ்சம் கூடும், குறையும். வயசான அம்மாவையோ அப்பாவையோ கூட்டிக்கொண்டு போகத்தான் கேட்கிறீர்கள் என்று எனக்குப் படுகிறது. அதனால் விரிவாகவே எழுதுகிறேன்.

2019 பிப்ரவரியில் தங்கச்சி பிரசவத்துக்காக அம்மாவை எடிசனுக்கு அழைத்துப் போனேன். அது நியூஜெர்சி பக்கம் என்பதால், நியூயார்க்கை ஒட்டிய நியூவர்க் விமான நிலையத்துக்குப் போகும் விமானம். சிங்கப்பூர் ஏர்லைன்சின் அந்த ஏ350 விமானத்தில் எகானமி வகுப்பே கிடையாது. பிரீமியம் எகானமி, பிசினஸ் இரண்டுதான். காசுத் திமிர் என்று யாராவது சொல்வதற்கு முன்னால் சொல்லிவிடுகிறேன்: இரண்டு வருட போனசை அப்படியே எடுத்துவைத்துத்தான் டிக்கெட் வாங்கினேன். அம்மாவுக்கு மூட்டு வலி, சர்க்கரை வேறு. நடுவழியில் ஓர் ஊரில் இறங்கி, மறுபடி சோதனை வரிசையில் நிற்க முடியாது.

நள்ளிரவு நெருங்கும்போது சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் கிளம்பினோம். இறங்கும்வரை ஊசி, சாப்பாடு எல்லாம் சிங்கப்பூர் நேரப்படி என்று டாக்டர் சொல்லியிருந்ததால் அம்மா கைக்கடிகாரத்தை மாற்றவில்லை. அதில் ஏழு மணி ஆனதும் இன்சுலின் போட்டுக்கொண்டார். தட்டு வந்தது. "இப்ப வேணாம்ப்பா, வாய்க்குப் பிடிக்கல" என்றார். அப்புறம் சாப்பிடட்டும் என்று நானும் கண்ணை மூடிவிட்டேன்.

விழித்துப் பார்த்தால், சர்க்கரை இறங்கி அம்மா நெற்றியெல்லாம் வேர்வை. போர்வையைப் பிடித்திருந்த விரல்கள் நடுங்கின. பணிப்பெண் ஓடிப்போய் ஆரஞ்சு ஜூஸ் கொண்டுவந்தார். அதைக் குடித்து, என் பையிலிருந்த மேரி பிஸ்கட் நாலைத் தின்ற பிறகுதான் முகம் தெளிந்தது. வெளியே பார்த்தால் கண் கூசும் வெயில், கீழே பசிபிக், இன்னும் பாதித் தூரம் பாக்கி. தப்பு முழுக்க என்னுடையது. ஊசி போட்டவரைச் சாப்பிட வைக்காமல் நான் தூங்கியிருக்கக் கூடாது.

அண்ணன் இன்றைக்கும், "ஃபிராங்க்ஃபர்ட் வழியாப் போயிருந்தா எவ்வளவு காசு மிச்சம்" என்பார். சிங்கப்பூர் ஈசூனில் எங்களுக்கு அடுத்த அடுக்குமாடி புளோக்கில் இருந்துகொண்டு, அம்மாவை ஒரு தடவை பாலிகிளினிக் என்னும் அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போக லீவு போடாதவர் அவர். கால் வீங்கினால் எண்ணெய் தேய்த்துவிடுவது யார், மாத்திரைப் பெட்டியை ஞாயிற்றுக்கிழமை நிரப்புவது யார் என்று அவர் கேட்டதே இல்லை. நீங்கள் கேட்காத விஷயம்தான், ஆனாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

நியூவர்க்கில் இறங்கியபோது அங்கே இன்னும் விடியவில்லை, அம்மா கைக்கடிகாரத்தில் மாலை ஆறு. குளிர்காலத்தில் 13 மணி நேர வித்தியாசம், கோடையில் 12. அங்கே அடுத்த ஊசி எப்போது என்று உங்கள் டாக்டரிடம் முன்கூட்டியே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பிஸ்கட்டை மேலே பெட்டியில் வைக்காதீர்கள், மடிக்கு எட்டும் பையிலேயே இருக்கட்டும்.