ஃபோகல் என்றால் எது குவிகிறது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

மருத்துவக் கையேடு ஒன்றைத் தமிழில் பெயர்க்கிறேன். ஸ்கேன் ரிப்போர்ட்டை விளக்கும் பக்கத்தில், கல்லீரலில் 'ஃபோகல் லீஷன்' எதுவும் இல்லை என்று ஒரு வரி. பள்ளியில் ஃபோகஸ் என்றால் குவியம் என்று படித்த ஞாபகத்தில் 'குவியப் புண் இல்லை' என்று எழுதிவிட்டேன். கல்லீரலில் எது குவிகிறது என்று வீட்டில் கேட்கிறார்கள். எனக்கும் தெரியவில்லை.

(பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)

அன்புள்ள நண்பருக்கு,

வீட்டில் கேட்டதுதான் சரியான கேள்வி. கல்லீரலில் எதுவும் குவியவில்லை.

ஃபோகஸ் லத்தீன் சொல். வீட்டு அடுப்பு, கணப்பு என்று பொருள். 1604-ல் வானியலாளர் கெப்ளர் அதை வடிவியலுக்குக் கொண்டுவந்தார். பூதக்கண்ணாடி காகிதத்தைப் பொசுக்கும் இடத்தை நினைத்துத்தான் அந்தப் பெயரை வைத்திருப்பார் என்று தோன்றுகிறது. தமிழில் நாம் அடுப்பை விட்டுவிட்டு, கதிர்கள் வந்து சேர்வதை மட்டும் எடுத்துக்கொண்டு குவியம் என்றோம். ஒளியியலுக்கு அருமையான சொல். பிளஸ் இரண்டு பவர் உள்ள வாசிப்புக் கண்ணாடியைச் சுவருக்கு முன்னால் பிடித்து மெல்ல நகர்த்திப் பாருங்கள். அரை மீட்டர் அருகே வரும்போது தூரத்து ஜன்னல் தலைகீழாகச் சுவரில் விழும். அந்த அரை மீட்டர்தான் குவியத் தூரம். ஒன்றை அதால் வகுத்தால் இரண்டு, அதுவே பவர்.

மருத்துவர்கள் எடுத்துக்கொண்டது வேறு பாதியை: 'ஓர் இடம்' என்பதை. அவர்களுக்கு ஃபோகலின் எதிர்ச்சொல் 'பரவலான'. கல்லீரல் முழுக்கக் கொழுப்பு படிந்திருந்தாலும் ஃபோகல் லீஷன் இல்லை என்று ரிப்போர்ட் வரலாம். கட்டியோ நீர்ப்பையோ போலத் தனித்து எதுவும் தெரியவில்லை, அவ்வளவுதான். கல்லீரலுக்கு நற்சான்றிதழ் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. லீஷன் என்றால் திசுவில் தெரியும் இயல்பற்ற மாற்றம், அதைப் புண் என்பதும் தப்பு. நீர்ப்பை புண்ணா என்ன?

வலிப்பிலும் இதே கதை. மூளையின் ஒரு பக்கத்தில் தொடங்கினால் ஃபோகல். கட்டைவிரல் துடிக்கும், அப்புறம் கை, அப்புறம் முகம் என்று ஏறும். முன்பு 'பார்ஷியல்', அதாவது பகுதி வலிப்பு என்றார்கள். 2017-ல் சர்வதேச வலிப்புநோய் எதிர்ப்புக் கழகம் வகைப்பாட்டைத் திருத்தியபோது ஃபோகல் என்று மாற்றியது. குவிவதற்கு நேர் எதிராக, இங்கே ஓரிடத்திலிருந்து வெளியே பரவுகிறது! நிலநடுக்கத்திலும் அப்படித்தான், ஆங்கிலத்தில் ஃபோகஸ் எனப்படும், பாறை முறியும் இடத்திலிருந்து அலைகள் கிளம்புகின்றன. அதை 'மையம்' என்று சொல்லித் தப்பித்துவிட்டோம்.

சிறுநீரகத்துக்கு வந்தால் 'ஓரிடம்' என்பதும் போதாது. அங்கே வடிகட்டும் நுண்முடிச்சுகள் லட்சக்கணக்கில் உண்டு. பயாப்ஸியில் அவற்றில் பாதிக்கும் குறைவானவை மட்டும் கெட்டிருந்தால் ஃபோகல் என்பார்கள். 'அங்கங்கே' என்பதுதான் பொருத்தம். ஒரே முடிச்சின் ஒரு பகுதி மட்டும் கெட்டிருந்தால் அதற்கு 'செக்மென்டல்' என்று வேறு சொல். இந்த இரண்டையும் குழப்பிய மொழிபெயர்ப்புகளைப் பார்த்திருக்கிறேன்.

ஆக, ஒரே தமிழ்ச் சொல்லை எல்லா இடத்திலும் ஒட்டவைக்க முயலாதீர்கள். உங்கள் வரியை 'கல்லீரலில் கட்டி, நீர்ப்பை போலத் தனித்துத் தெரியும் மாற்றம் எதுவும் இல்லை' என்று எழுதலாம். ஒளியியலுக்கும் நீள்வட்டத்துக்கும் மட்டும் குவியத்தை விட்டுவையுங்கள், கணக்கு வாத்தியார்கள் சண்டைக்கு வருவார்கள்.